தோற்ற ஏலத்தில் ஜெயித்த பிரபு

சத்துவாச்சாரி வீட்டில் தாத்தா சேர்த்த புத்தகங்களை எடைக்குப் போடலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தின் இரண்டாம் ஸ்பென்சர் பிரபு ஞாபகம்தான். ஆல்தார்ப் மாளிகை நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். 1812 லண்டன் ஏலத்தில், 1471இல் வெனிஸில் அச்சான டெக்கமரான் (பொக்காச்சியோ எழுதிய இத்தாலியக் கதைத் தொகுப்பு) பிரதிக்காக பிளாண்ட்ஃபோர்டு பிரபுவோடு மோதினார். பிளாண்ட்ஃபோர்டோ 2,260 பவுண்டுக்கு அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அந்த மனுஷன் கடனில் மூழ்க, 1819இல் அதே பிரதி வெறும் 918 பவுண்டுக்கு ஸ்பென்சர் கைக்கே வந்தது! (எனக்கு இந்தப் பொறுமை கிடையாது.) பேரன் காலத்தில் பணமுடை. 1892இல் சுமார் 40,000 புத்தகங்களையும் மொத்தமாக வாங்கிய என்ரிகெட்டா ரைலண்ட்ஸ், கணவர் நினைவாக மான்செஸ்டரில் கட்டிய நூலகத்தில் சேர்த்தார். 1900இலிருந்து வாசகர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். துண்டு துண்டாக ஏலம் போகாமல் தப்பியதே பெரிய விஷயம்.