புருஷாமிருகம் துரத்தும்போது: ஒரு சிவாலய ஓட்டம்

சிவன் கோவிலுக்குப் போகிறவர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுவதை முதல்முறை பார்க்கிற வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். சவுதியில் ஜுபைலில் என்னோடு ரூமில் இருந்த திருச்சிக்காரர் ஒருவர் நான் போனில் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கோவில் மாறிப் போயிட்டாங்களா?" என்றார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலையில் கிளம்பி, பன்னிரண்டு சிவாலயங்களையும் கும்பிட்டு, சிவராத்திரி இரவு நட்டாலத்தில் போய்ச் சேர வேண்டும். சுமார் 110 கிலோமீட்டர், செருப்பு கிடையாது. காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை, அவ்வளவுதான் சாமான்.

ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தருமரின் யாகத்துக்குப் பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகத்தை, அதாவது வியாக்ரபாதரை, அழைத்துவரப் பீமன் போகிறான். அவர் முரட்டு சிவபக்தர், விஷ்ணுவின் பெயரைக் கேட்டாலே பாய்வார். பீமனோ "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறான், அவர் துரத்துகிறார். கண்ணன் கையில் கொடுத்துவிட்டிருந்த பன்னிரண்டு உத்திராட்சங்களில் ஒன்றைப் பீமன் கீழே போடுகிறான். அது சிவலிங்கமாகிறது. அவர் நின்று பூஜை செய்கிறார், அந்த நேரத்தில் பீமன் ஓடுகிறான். பூஜை முடிந்ததும் மறுபடி துரத்தல், மறுபடி ஒரு உத்திராட்சம். அப்படி விழுந்த இடங்கள்தான் இந்தப் பன்னிரண்டும் என்பது ஐதீகம்.

அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு கேள்வி வரும். கண்ணன் நினைத்தால் அந்த மிருகத்தை ஒரேயடியாக அடக்கியிருக்கலாமே, எதற்குப் பன்னிரண்டு தடவை மூச்சு வாங்கவிட்டு ஓட வைக்கிறார்? சவுதிக்குப் போய்ச் சில வருஷம் கழிந்த பிறகுதான் இந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

நான் ஏசி மெக்கானிக். 2016 வாக்கில் எண்ணெய் விலை விழுந்து கிடந்தபோது பல கான்ட்ராக்ட் கம்பெனிகளில் சம்பளம் நின்றது, எங்கள் கம்பெனியிலும் நின்றது. கம்பெனி இக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிக்கவில்லை. இக்காமா முடிந்துபோனவன் நிலைமை அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்: பேங்க் கார்டு வேலை செய்யாது, வெளியே போனால் செக்கிங்கில் மாட்டுவோம் என்ற பயம், ஊருக்கு வரலாம் என்றால் நாட்டைவிட்டுப் போகிற எக்ஸிட் அனுமதியும் கிடைக்காது. கேம்ப், பாத்ரூம், கேம்ப். ரூமில் சாமி படத்தை வெளியே மாட்ட முடியாது, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். துணி எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். சாமியோடு சண்டைதான் போடுவேன் பெரும்பாலும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எதுவும் முழுசாகத் தீரவில்லை, ஆனால் எதுவும் முழுசாக முடிந்தும் போகவில்லை. அரிசி தீர்ந்த வாரத்தில் பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருந்த மலப்புரத்துக்காரர் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தார். அது தீர்ந்தபோது பக்கத்து கேம்பில் இரண்டு ஏசி ரிப்பேர் வேலை வந்தது. அப்புறம் ஒரு பாகிஸ்தானி ஃபோர்மேன் தனக்குத் தெரிந்த கம்பெனியில் சொல்லி டிரான்ஸ்ஃபருக்கு வழி பண்ணினார். சம்பளம் பழையதைவிடக் குறைவு, பழைய பாக்கி முழுசாக இன்றுவரை வரவில்லை. விசா வந்தால், சம்பளம் கூடினால் மட்டும் "சாமி கொடுத்தது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு ஒட்டுவதில்லை. சம்பளம் அவர் கொடுத்தது என்றால் அந்த கேம்ப் யார் கொடுத்தது? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மிருகம் நெருங்கி வந்தபோதெல்லாம் ஒரு உத்திராட்சம் விழுந்தது. அடுத்த இடம் வரை ஓட அது போதும், அதற்கு மேல் ஒரு அடி காணாது.

2020-லும் அப்படித்தான். பிப்ரவரி 21 சிவராத்திரிக்கு லீவு எடுத்து வந்து ஓடினேன். மார்ச்சில் விமானம் எல்லாம் நின்றது, மாட்டிக்கொண்டேன். ஊரில் ரப்பர் பால் வெட்டப் போனேன். சவுதிக்குத் திரும்பிப் போவதற்கான, காலாவதியாகிற ரீ-என்ட்ரி விசாவை சவுதி அரசு இலவசமாக நீட்டிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு நீட்டிப்பும் கொஞ்ச காலத்துக்கு. அது முடிகிற சமயத்தில் வயிற்றைக் கலக்கும், அடுத்த அறிவிப்பு வரும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். 2025-ல் சிவராத்திரி பிப்ரவரி 26. நானும் அத்தானும் முந்தின நாள் மதியம் தாண்டி முஞ்சிறையில் குளித்துவிட்டுத் திருமலை ஏறினோம். ஓட்டம் என்று பேர், எங்களைப் போல நடக்கிறவர்களும் ஏராளம். இளவட்டங்கள் விசிறியை ஆட்டிக்கொண்டு நம்மைத் தாண்டிப் பாய்வார்கள், பைக்கிலும் வேனிலும் சுற்றுகிறவர்கள் வேறு புகையைக் கிளப்புவார்கள். வேனில் போவதைக் குறை சொல்லவில்லை, வயசானவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் நடப்பவர்கள் காதருகே ஏர்ஹாரன் அடிப்பது எந்தச் சாமிக்கு நேர்ச்சை என்று தெரியவில்லை.

திக்குறிச்சி ஆற்றங்கரைக் கோவில், அங்கே நந்தி கிடையாது. திற்பரப்பில் அருவிச் சத்தம் இருட்டில் முதலில் வரும், கோவில் பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கோவிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு கும்பிட்டு, சாமிக்கு விசிறியால் வீச வேண்டும். திருநந்திக்கரை வரும்போது உள்ளங்கால் தோல் வெந்தது மாதிரி ஆகிவிட்டது. பொன்மனைக்குப் போகிற வழியில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு வீட்டு முற்றத்தில் கஞ்சி. பெரிய செம்பில் சூடாக, பயறும் காணத் (கொள்ளு) துவையலும் தொட்டுக்கொள்ள. ஊற்றிய பாட்டி என் காலைப் பார்த்தார்கள். "மக்களே, எங்கேந்து வாறே?" என்றார்கள்.

"சவுதியிலேந்து பாட்டி."

"நடந்தா?"

அத்தான் சிரித்ததில் கஞ்சி புரையேறிவிட்டது. பாட்டி உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து என் காலருகே வைத்தார்கள். "தேச்சுட்டு போ. கல்குளத்துல வெயில் கொல்லும்" என்றுவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனார்கள்.

கொன்றது. பன்னிப்பாகம் தாண்டிக் கல்குளத்துக்கு, அதாவது பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிற ஊருக்கு, உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தோம். சவுதியில் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கல்குளம் நீலகண்டசுவாமிக்கு அந்தச் சட்டம் தெரியாது போல என்று அத்தானிடம் சொன்னேன். ரோட்டோரம் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு, அத்தனை பேரும் ஒற்றை வரிசையில் அந்தக் கோட்டிலேயே போனோம். தண்ணீரும் மோரும் கொடுக்காத ஜங்ஷன் இல்லை. கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அக்கா தண்ணிமத்தன் (தர்பூசணி) கீற்றை நீட்டிக்கொண்டே வரிசையோடு நடந்து வந்தார்.

மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிகோடு எல்லாம் எனக்குக் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. "கோவிந்தா" என்று அத்தான் சொல்வார், "கோபாலா" என்று என் வாய் தானாகச் சொல்லும்.

நட்டாலத்தில் கதையின் கடைசிப் பகுதி. பன்னிரண்டாவது உத்திராட்சமும் தீர்ந்து பீமன் புருஷாமிருகத்தின் எல்லையைத் தாண்டும்போது அது பிடித்துவிடுகிறது. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பார்க்காமல், பாதி உடம்பு மிருகத்துக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்கிறார். அப்புறம்தான் பாதி சிவன் பாதி விஷ்ணுவாகச் சங்கரநாராயணக் காட்சி, ஹரியும் ஹரனும் ஒன்று என்று மிருகம் அடங்குகிறது.

எங்கள் அப்பா இறந்தது எனக்கு இக்காமா இல்லாத அந்த மாதங்களில். எக்ஸிட் வாங்க முடியவில்லை, யார் யாரையோ பிடித்துப் பார்த்தேன், உத்திராட்சம் ஒன்றும் விழவில்லை. தம்பி கொள்ளி வைத்ததை வீடியோ காலில் பார்த்தேன், அதுவும் பாதியில் நெட் போய்விட்டது. அதை நியாயப்படுத்துகிற மாதிரி எந்தச் சாமியார் என்ன சொன்னாலும் எனக்கு ஏறாது. ஆனால் தருமரின் தீர்ப்பு ஏறுகிறது. பாதி அதற்குத்தான். சங்கரநாராயணர் முன்னால் நிற்கும்போது அப்பா பேரைச் சொன்னேன், வேறு எதுவும் கேட்கவில்லை. வேண்டுதல் பட்டியல் ஒன்று மனசில் தயாராக இருந்தது, தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன், கான்ட்ராக்ட் புதுப்பிப்பு. சொல்லத் தோன்றவில்லை. அவருக்குத் தெரியும், எனக்கும் அவர் பாணி தெரியும்.

இதே நட்டாலம்தான் பிறகு கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை 1712-ல் பிறந்த ஊர், அவருக்கு 2022 மே 15-ல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்தத் தண்ணிமத்தன் அக்காவுக்கும் இது புண்ணிய பூமிதான்.

லீவில் வந்து ஓட நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். வந்து இறங்கிய மறுநாளே ஓடாதீர்கள், ஏசியில் இருந்த உடம்பு மாசி வெயிலுக்குக் கொஞ்ச நாள் பழக வேண்டும், ஓட்டத்துக்கு முன்னால் இருக்கிற விரதத்துக்கும் சேர்த்து லீவைப் போடுங்கள். இரவு நடைக்கு டார்ச் கட்டாயம். காலுக்குத் தேங்காயெண்ணெய். சிவராத்திரி முடிந்த கையோடு ரிட்டர்ன் டிக்கெட் போடாதீர்கள், கால் வீக்கம் வடிய நாளாகும். போட்டே ஆக வேண்டும் என்றால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ரப்பர் செருப்போடு போங்கள், செக்யூரிட்டியில் கழற்றிய ஷூ திரும்ப ஏறாது.