தூத்துக்குடியிலிருந்து குமரி வரை, கரையோரமாகவே

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, நாங்குநேரி என்று நான்குவழிச் சாலையில் பறந்துவிடுகிறார்கள். நேரம் மிச்சம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடியில் வண்டியைத் தெற்கே திருப்பினால் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று கரையை ஒட்டியே ஒரு சாலை போகிறது, குமரி வரை சுமார் 130 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த சாலை எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

வழிநெடுகக் கடல் தெரியும் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள். பாதி தூரம் கடல் பனங்காட்டுக்கும் ஊர்களுக்கும் பின்னால்தான் கிடக்கும். கருவாட்டு வாடையை வைத்துத்தான் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

முள்ளக்காடு பக்கம் வரும்போதே உப்பளங்கள் ஆரம்பித்துவிடும். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதில் பெரும்பங்கு இந்தக் கரையில். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நாங்கள் போன நேரத்தில் ஒரு அம்மா நீளக் கம்பில் மாட்டிய பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாதத்தின் ஓரமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும்போதே எனக்குக் கண் கூசியது, அவர் வெறுங்கண்ணோடு குனிந்து நிற்கிறார். வீட்டில் உப்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கால்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அப்புறம் ஆத்தூர். தாமிரபரணி கடலில் சேரப்போகிற இடம் என்பதால் திடீரென்று எல்லாம் பச்சை, வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக. ஐந்து நிமிடம்தான், மறுபடி ஆறுமுகநேரி உப்பளம் வந்துவிடும். திருச்செந்தூரில் கூட்டம் அதிகமாக இருந்ததால் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து தெற்கேதான் பனைக்காடு. உடன்குடி பக்கம் சாலையை விட்டு உள்ளே போனால், சீசனில், விடிலி என்கிற ஓலைக் குடிசையில் பதநீர் காய்ச்சுவதைப் பார்க்கலாம். கொதித்துக் கொதித்து நிறம் மாறி, கரண்டியில் எடுத்தால் இழுபடுகிற பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். அந்தப் புகையும் இனிப்பும் கலந்த வாசனை சட்டையில் ராத்திரி வரை இருந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அங்கிருந்த அக்கா சொன்னது வேறு: "மரம் நிக்கி தம்பி, ஏறத்தான் ஆள் இல்ல." பிள்ளைகள் யாரும் ஏறுவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கையில் அரிவாளோடு காலையும் மாலையும் அத்தனை மரம் ஏறி இறங்குவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

பக்கத்திலேயே குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் தசராவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வேஷம் கட்டி வரும் ஊர். இங்கேதான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசையில் நேர் தெற்கே திறந்த கடல்தான். காரணம் சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் ஏவுகிற நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்பார்களே, அன்றைய வருமானத்தை மீனவர்களுக்கு யார் ஈடுகட்டுவது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்த முடியும் என்றால் மணப்பாட்டில் நிறுத்துங்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்று, அதன் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே பாறையில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை அடிக்கிறது, மறுபக்கம் உப்பங்கழி அசையாமல் கிடக்கிறது. நடுவில் வரிசையாக வள்ளங்கள். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம், யாருக்கும் எழுந்திருக்க மனசே வரவில்லை.

உவரியில் அந்தோணியார் கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கரையில். சுயம்புலிங்கரிடம் வேண்டிக்கொண்டவர்கள் கடலுக்குள் இறங்கி, ஓலைப்பெட்டியில் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுகிறார்கள். ஈர மண் முகத்தில் வழிய வழிய ஒரு பெரியவர் திரும்பத் திரும்பப் போய்வந்தார்.

அதைத் தாண்டினால் காற்றாலைகள், தூரத்தில் கூடங்குளம் அணுஉலையின் குவிமாடங்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் பக்கத்து இடிந்தகரையையும் நினைக்க வேண்டும். 2011இல் அணுஉலை வேண்டாம் என்று லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்து, பல மாதங்கள் எழாமல் போராடியவர்கள், பெரும்பாலும் பெண்கள், இன்னும் அங்கேதான் மீன் விற்றுப் பிழைக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் போனால் உப்பு, பதநீர், கருப்பட்டி எல்லாம் பார்க்கலாம், வெயிலைத் தாங்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று பைக்கைத் தள்ளும், பார்த்து ஓட்டுங்கள். சொந்த வண்டி இல்லையென்றால் திருச்செந்தூரிலிருந்து உவரி வழியாகப் பேருந்து இருக்கிறது. இடது பக்க ஜன்னலோரம் கேட்டு உட்காருங்கள்.