வேண்டாம் தம்பி, பூண்டை எடுத்துக்கொள்

நேற்று இரவுதான் கொடைக்கானலிலிருந்து வீடு திரும்பினேன். பஸ் நேரம், அறை வாடகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக இருந்தேன். ஆனால் பூம்பாறையில் பட்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. முதலில் அது.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை 20 கிலோமீட்டர்கூட இராது. போய்வர 2,200 ரூபாய் என்றார் டாக்சிக்காரர். பகல் கொள்ளை! என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. பஸ்ஸிலேயே போனேன்.

குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினால் எங்கும் பூண்டு வாசனை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் காய்ந்த பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். காரில் வந்து இறங்கியவர்களில் ஒருவர், ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய லென்ஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். பாட்டி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "அப்படியே இருங்கள், அருமை!" என்று அதையும் எடுத்தார் அந்த மனிதர். முகத்தை மூடுவதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படி மறுப்பது?

நான் தட்டிக் கேட்டேன். "பொது இடம்தானே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். திண்ணை தெருவைப் பார்த்து இருந்தால், அதில் உட்கார்ந்திருப்பவர் காட்சிப் பொருளாகிவிடுவாரா?

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, சற்று நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகு கேட்டேன்: "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"வேண்டாம் தம்பி, தலைகூட வாரவில்லை. பூண்டை வேண்டுமானால் எடுத்துக்கொள்."

அதற்குப் பிறகுதான் அரைக் கிலோ விலை பேசினேன், 200 ரூபாய். முதலிலேயே வாங்கியிருந்தால், காசு கொடுத்தவனிடம் எப்படி மறுப்பது என்று அவர் தயங்கியிருப்பார். பொருள் வாங்கிவிட்டுப் படம் கேட்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

"படத்தில் கை விழுந்தால் பரவாயில்லையா?" என்றேன். நகக்கண்ணில் மண், விரல் இடுக்கில் பூண்டுச் சருகு. சேலையில் துடைத்துக்கொண்டு கட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒரே ஒரு படம். காட்டினேன்.

"இது நான் என்று யாருக்கும் தெரியாதே?"

பெரிதாக்கிக் காட்டினேன், வளையலும் பூண்டும் மட்டும்தான். மறுபடியும் அதையே கேட்டார். "அழித்துவிடட்டுமா பாட்டி?"

கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். ஊரில் உன் அம்மாவிடம் காட்டு, பூண்டு நன்றாக விழுந்திருக்கிறது."