மீ லாப்பியும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணியும்

ரங்கூனில் கரண்ட் போனால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. வந்தால்தான் தெருவே அலறும். "மீ லாப்பி!" பர்மியத்தில் 'விளக்கு வந்தாச்சு' என்று அர்த்தம். புருசன் பெண்டாட்டி சண்டைகூட அந்தக் கூச்சலில் பாதியில் நின்றுபோகும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு இருட்டு ராத்திரி. பத்தாவது படிக்கிற மகள் மெழுகுவத்தி முன்னால் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "உப்புல சோடியத்துக்கு பாசிட்டிவ் சார்ஜ், குளோரினுக்கு நெகட்டிவ் சார்ஜ்..."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கையில் உப்பு ஜாடி. பாம்புக் கூடையைப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"ஏன்டா, இதுல சார்ஜ் இருக்காமே? அறுபது வருசமா ஈரக் கையாலல்ல அள்ளிக்கிட்டு இருக்கேன்!"

எனக்கும் ஒரு காலத்தில் கெமிஸ்ட்ரி வந்தது. அதை நிரூபிக்க இதைவிட நல்ல ராத்திரி வாய்க்காது.

"அம்மா, சோடியத்துகிட்ட பாசிட்டிவ் சார்ஜ் உள்ள புரோட்டான் 11, நெகட்டிவ் சார்ஜ் உள்ள எலக்ட்ரான் 11. அதுல ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் குடுத்துட்டு 10-ஓட நிக்குது. குளோரினுக்கு ரெண்டும் 17, வாங்கினதும் எலக்ட்ரான் 18. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, புரோட்டானும் 28, எலக்ட்ரானும் 28, மொத்தத்துல சார்ஜே இல்லை. மாமா மச்சானுக்குப் பத்தாயிரம் சாட் கைமாத்துக் குடுத்தா, நம்ம வீட்டுப் பணம் கூடவா செய்யுது?"

"மச்சான் என்னைக்குத் திருப்பிக் குடுத்தான்?" என்றார் அம்மா. உதாரணத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

மகள் விடவில்லை. "அப்போ மக்னீசியம் குளோரைடுல ஏன்ப்பா ரெண்டு குளோரின்?"

மக்னீசியம் ரெண்டு எலக்ட்ரானை இறக்கி வைக்கும். ஒரு குளோரினால் ஒன்றைத்தான் வாங்க முடியும். கணக்கு நேராக இன்னொரு குளோரின் வந்துதானே ஆகணும்? கடலுப்போடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும் அந்த மக்னீசியம் குளோரைடுதான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, மே முதல் அக்டோபர் வரை எங்கள் ஜாடியை நசநசவென்று வைத்திருப்பது. அம்மா இத்தனை நாளும் கடைக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "ஒரு ஸ்பூன் உப்பு, ஆறு கிராம்னு வச்சுக்குவோம். அதுல இருக்கிற சோடியம் அயனை, அதான் சார்ஜோட நிக்கிற சோடியத்தை, மட்டும் தனியாப் பிரிச்சு வச்சா, சுமார் 10,000 கூலும் சார்ஜ். கூலும்னா சார்ஜை அளக்கிற அலகு. ஒரு சாதாரண மின்னல்லகூட ஏதோ பத்து, இருபதுதான். பக்கத்துலயே குளோரின் அயன் சரிக்குச் சரியா நிக்கிறதால கூட்டினா பூச்சியம்."

அம்மாவுக்கு மின்னல் மட்டும்தான் காதில் விழுந்தது. ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்தார்.

இனி செய்துதான் காட்டணும். ஈர உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்தேன். 9 வோல்ட் பேட்டரி, உடைந்த பொம்மையிலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, ரெண்டு வயர். காய்ந்த உப்பில் வயரைச் செருகினால் விளக்கு அசையவில்லை. அயன்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கையில் எங்கே நகர்வது? அம்மா ஓரடி முன்னால் வந்தார்.

அடுத்து, உப்பை டம்ளர் தண்ணீரில் கரைத்து வயரை முக்கினேன். விளக்கு எரிந்தது.

"பாத்தியா! சார்ஜ் இல்லைன்னு புளுகுனியே!"

"இல்லம்மா, கரைஞ்சதும் பிரிஞ்சு நீந்துது, அவ்வளவுதான். பேட்டரி இழுத்தா இது இந்தப் பக்கம் போகும், அது அந்தப் பக்கம் போகும். மொத்தக் கணக்கு அப்பவும்..."

சொல்லி முடிக்கவில்லை. தலைக்கு மேல் டியூப்லைட் சிமிட்டியது, மின்விசிறி சுற்றியது, தெரு முழுக்க "மீ லாப்பி!"

அம்மா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெற்ற பயல் உருப்பட்டுவிட்டான் என்ற பெருமை அந்த முகத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கரண்ட் போன அஞ்சாவது நிமிசம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "டேய், உப்புக் கரைச்சு வச்சிருக்கேன். வந்து அந்த வயரைக் கொஞ்சம் முக்கிட்டுப் போ!"

போனேன். எதிர்வீட்டு பர்மியக்கார அம்மாவும் ஒரு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.