முப்பது நிமிடத்தில் வராத ஃபர்ஃபுரால்

சாறு பிழிந்த சக்கையில் சர்க்கரை இருக்காது என்று நம்பியதுதான் முதல் தப்பு. பெங்களூர் அல்சூரில் கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கும் சேலத்து அக்கா ஒரு கோணிப்பை சக்கையைச் சும்மாவே கொடுத்தார். "இத வச்சு என்னப்பா பண்ணப் போற?" "வார்ப்படப் பட்டறையில மணலை ஒட்டவைக்கிற பிசினு இருக்குல்லக்கா, அதுக்கு மூலப்பொருள் இதுல இருந்து எடுக்கலாம்." அந்த மூலப்பொருள்தான் ஃபர்ஃபுரால். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

சக்கைக்குள் கிடந்த எலுமிச்சைத் தோலையும் இஞ்சி நாரையும் பொறுக்கினேன், அலசாமல் விட்டேன். மிச்சச் சர்க்கரை 170 டிகிரியில் கருகித் தார் மாதிரி டெஃப்லான் குடுவையில் அப்பிக்கொண்டது. சுரண்டவே இரண்டு நாள். வெந்நீரில் மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகுதான் உருப்பட்டது. நீர்த்த அமிலத்தில் வேகவைத்து நாரிலிருக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையைக் கரைத்தெடுப்பது, அது ஃபர்ஃபுராலாக மாற ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம வினையூக்கியோடு மூடிச் சூடேற்றுவது எல்லாம் தெரிந்த கதைதான். ஆறவிட்டுத் திறந்தால் குப்பென்று வாதுமை வாசனை.

வாசனையை ஆய்வேட்டில் போட முடியாதே! கரைசலில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. நகரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பரிசோதனை மையத்துக்குப் போனேன். படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. "நாளே பன்னி" என்றார் எழுத்தர், கன்னடத்தில் 'நாளைக்கு வாங்க' என்று. ஒரு காலத்தில் பெங்களூரில் பேயைத் திருப்பி அனுப்பக் கதவில் 'நாளே பா' (நாளைக்கு வா) என்று எழுதிவைப்பார்களாம். என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முத்திரையோடு போய்க் கொடுத்து, பணம் கட்டி, பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது: ஃபர்ஃபுரால் இல்லை.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது, அது 30 நிமிடத்தோடு நின்றிருந்தது. அவர்கள் பயன்படுத்தும் பிரிகுழாயில் சைலோஸ் பத்து நிமிடம் போல வந்துவிடும். ஃபர்ஃபுரால் ஆடி அசைந்து வர முக்கால் மணி நேரம் போல ஆகும். மறுபடி ஓடினேன். "எல்லாருக்கும் முப்பதுதான் சார்" என்றார் கருவியை இயக்குபவர். என் மாதிரிக்கு அடுத்து ஓடிய, வெறும் தண்ணீர் வைத்த குப்பியின் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அதில் அகலமாக ஒரு மேடு. "தண்ணியில இது எங்கிருந்து சார் வந்துச்சு?" முந்தின ஓட்டத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட என் ஃபர்ஃபுரால்தான் அது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காசு வாங்காமலே திரும்ப ஓட்டிக்கொடுத்தார்.

சைலோஸின் ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் மூன்று நீர் மூலக்கூறு கழன்றால், 100 கிராம் சைலோஸுக்குக் கணக்குப்படி அதிகபட்சம் 64 கிராம் ஃபர்ஃபுரால் கிடைக்கும். எனக்கு வந்தது 31. மோசமில்லை.

அனுப்பப் போகிறவர்கள் படிவத்திலேயே '60 நிமிடம்' என்று சிவப்பு மையில் எழுதுங்கள். தண்ணீர்க் குப்பி ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் கல்லூரியின் யூவி (புற ஊதா ஒளி) கருவியில், ஃபர்ஃபுரால் ஒளியை உறிஞ்சும் 277 நானோமீட்டர் பக்கம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பஸ் காசாவது மிஞ்சும். மாதிரியை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், என்னுடையதில் ஒன்று பழுப்பாகிவிட்டது.

இப்போது வினையூக்கி கரி படிந்து கறுத்துக் கிடக்கிறது. 550 டிகிரி உலையில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். உலைக்கும் ஒரு படிவம் இருக்கிறதாம். முத்திரையை முதலிலேயே குத்தி வாங்கிவிட்டேன்.