பெயர்ப்பட்டியலில் விடுபட்டவர்கள்

அப்பா பணியாற்றிய படைப்பிரிவின் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் செயலாளருக்கு உதவியாக இருக்கிறேன். உறுப்பினர்களில் பலர் எண்பதைக் கடந்தவர்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். அதனால் எல்லோரையும் முறைவைத்துத் தொலைபேசியில் அழைக்கிறோம். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அங்கிள், அழைப்பை எடுத்ததும் தமது படை இலக்கத்தைச் சொல்வார். பெயர் அதற்குப் பிறகுதான் வரும். "இந்த மாதம் யார் யார் போய்விட்டார்கள், மகன்?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் நழுவ அவர் விடமாட்டார்.

சிங்களவர், தமிழர், மலாயர், பறங்கியர் என எல்லோரும் ஒன்றாக அணிவகுத்த காலத்தவர்கள் இவர்கள். 1955இல் இராணுவத் தளபதியான முதல் இலங்கையர் அன்டன் முத்துக்குமாரு ஒரு தமிழர். நம் வீட்டுப் பிள்ளைகள் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எனக்குப் பெரிய கவலை விதவைகளைப் பற்றியது. கணவர் காலமானதும் அவரது பெயரை வெட்டிவிடுகிறோம். அத்தோடு அந்த வீட்டுடனான தொடர்பும் அறுந்துவிடுகிறது. ஓய்வூதியப் படிவம் நிரப்பக்கூட ஆளில்லாமல் தவித்த ஓர் அம்மாவை அண்மையில் சந்தித்தேன். இனி மனைவியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பட்டியலில் இருக்கும்.

நவம்பரில் விகாரமகாதேவி பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூபிக்குப் போகிறோம். ஒரு காலத்தில் காலிமுகத்திடலில் நின்ற அதே தூபிதான். நடக்க இயலாதவர்களை அழைத்துவர வாகனம் தேவை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள்.