ஈரம் காயாத ஜூன்

ஜூன் 8, ஞாயிறு. மஸ்கெலியா
நாலு நாளா மழை. தண்ணீர்ப் பீலிக்குப் போய் வந்த அம்மாவின் கணுக்காலில் இரண்டு அட்டை. சவர்க்காரத்தைத் தேய்த்தார், சுருண்டு விழுந்தன. ஒன்றை மட்டும் ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன். இதற்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. ஈரமான தோல் வழியாகத்தான் ஒட்சிசன் உள்ளே போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. உப்புப் போட்டால் உடம்புத் தண்ணீர் இழுபட்டுவிடும். தோல் காய்ந்தால் மூச்சும் போச்சு.

ஜூன் 9, திங்கள்
பள்ளிக்கூட முற்றமெல்லாம் மண்புழு. "மூழ்கிச் செத்துருமோன்னு ஓடி வருது டீச்சர்" என்றான் தரம் பத்துப் பையன். அப்படிச் சொல்ல முடியாது. ஒட்சிசன் கரைந்திருக்கிற தண்ணீரில் மண்புழு நாட்கணக்காகக் கிடக்கும். மத்தியானம் அரை மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. சீமெந்தில் மாட்டிக்கொண்ட புழுக்கள் கயிறு மாதிரிக் காய்ந்து கிடந்தன. அவனையே கூட்டிப்போய்க் காட்டினேன்.

ஜூன் 10, செவ்வாய்
பொசன் போயா, லீவு. இரவெல்லாம் அம்மாவுக்கு மூச்சிழுப்பு.

ஜூன் 12, வியாழன்
சிவனொளிபாதமலை உச்சியில் ஒட்சிசன் வீதம் குறைவு என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. 2,243 மீற்றர் உயரத்திலும் வீதம் அதே 21தான். குறைவது காற்றின் அழுத்தம். கொழும்பில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் மேலே கிடைக்கும். பாதிப் புள்ளி போட்டேன். மலையேறி மூச்சு வாங்கிய பிள்ளையாக இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி
ஜன்னல் கண்ணாடியில் வெட்டுக்கிளி. வெளிப்பக்கம் இருந்ததால் வயிறு நன்றாகத் தெரிந்தது: உப்புவதும் ஒடுங்குவதுமாக, தையல் மெஷின் மிதிக்கிற தாளத்தில். பக்கவாட்டில் பத்துச் சோடித் துளைகள். அங்கிருந்து கிளை பிரியும் குழாய்கள் காற்றை ஒவ்வொரு கலத்துக்கும் நேரே கொண்டுபோய்விடும். இரத்தத்துக்கு அந்தச் சுமை இல்லை. குழாய் முடிகிற இடத்தில் ஒரு துளி ஈரம் உண்டு. கரப்பான் மேல் அம்மா சவர்க்காரத் தண்ணி ஊற்றுகிறாரே, அது துளைகளைத்தான் அடைக்கிறது. படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு
பக்கத்துக் காம்பராவில் கோழி அடித்தார்கள், எங்களுக்கும் பாதி. கழுவும்போது நுரையீரல் கையோடு வரவே இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே பதிந்து கிடந்தது, நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். ரோஜா நிறம், எலும்பின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல் ஊதிச் சுருங்காது. ஒன்பது காற்றுப்பைகள் துருத்தி வேலை பார்க்கின்றன. காற்று ஒரே திசையில் ஓடுகிறது. ஒருமுறை இழுத்த காற்று வெளியேற இரண்டு மூச்சு ஆகும். உள்ளிழுத்தாலும் வெளிவிட்டாலும் நுரையீரலுக்குப் புதுக் காற்று! மனிதனுக்கு ஏன் இந்த ஏற்பாடு இல்லை என்று எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

ஜூன் 19, வியாழன்
காட்டோரத்துச் சருகுக்கடியில் மரத்தவளை முட்டைகள் இருக்கென்று பிள்ளைகள் கூட்டிப்போனார்கள். மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, கண்ணாடி மாதிரி. ஒன்றுக்குள் கால் முளைத்த குட்டித் தவளை திரும்பிப் படுத்தது. நம் மலைக்காடுகளில் பல மரத்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, குளமும் வேண்டாம். முட்டை காயாமல் பனியும் மூட்டமும் பார்த்துக்கொள்ளும். சருகை மூடிவிட்டு வந்தோம்.

ஜூன் 21, சனி
மறுபடி இழுப்பு. இருபது வருசம் தேயிலை ஸ்டோரில் தூள் சலித்த நெஞ்சு. பம்ப் அடித்துவிட்டுச் சாய்த்து உட்கார வைத்தேன்.
"ஒன் அட்டைக்கு ஈரம் வேணும்ங்கிற. எனக்கு உள்ள ஈரம் கூடிப் போச்சா புள்ள?"
"அது இல்லம்மா. குழாய் சுருங்குது, சளியும் அடைக்குது."
கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். நிமிசத்துக்கு 28. அரை மணி கழித்து 22.
"அந்த அட்டைய என்னா செஞ்ச?"
"ஞாயித்துக்கிழமையே தண்ணிக் கானோரம் விட்டுட்டேன்."
"அதான் இன்னிக்கு என் கால்ல ஏறுனது" என்றார். சிரிப்பில் கொஞ்சம் இருமல் வந்தது.